கொட்டகையில் நின்ற சைக்கிளைச் சாலைக்குக் கொண்டுவருதல்: பழைய 28 அங்குல வண்டியை நாமே ஓவராயில் செய்யும் முறை

என் அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிள் மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் 14 ஆண்டுகள் சாய்ந்தே நின்றது. டயர்கள் இரண்டும் வெடித்துப் பிளந்திருந்தன, செயின் துருவேறி ஒரே கட்டியாக இறுகியிருந்தது, சீட்டின் ஸ்பிரிங்குக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்த பிறகுதான் நான் அதை முற்றத்துக்கு இழுத்து வந்து கழற்றத் தொடங்கினேன். மூன்று வார இறுதிகளில் வண்டி ஓடியது. புதிதாக வாங்கிப் போட்டவை டயர், டியூப், செயின், பின் சக்கரத்துப் பல்சக்கரமான பிரீவீல், பிரேக் கட்டைகள், காட்டர் பின்கள், பால்ரஸ்கள் எனும் இரும்புக் குண்டுமணிகள், முன் சக்கரத்து அச்சில் அந்த மணிகள் உருளும் ஒரு கோன் ஆகியவை மட்டுமே. அதன் பிறகு உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஏழெட்டு வண்டிகள் செய்து கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் கண்டது இதுதான்: வண்டியைக் கெடுத்திருந்தது பெரும்பாலும் தேய்மானம் அன்று, காய்ந்துபோன கிரீசும் துருவும் தவறான இறுக்கமுமே.

இங்கே நான் விளக்குவது நம் ஊர்களில் இரண்டு தலைமுறைகளைச் சுமந்த அந்தக் கறுப்பு வண்டியைத்தான்: 28 x 1 1/2 அங்குல டயர், கம்பி பிரேக், ஒரே கியர், பின்னால் கேரியர், இரட்டைக்கால் ஸ்டாண்ட். ஆங்கிலேயர் காலத்து ரோட்ஸ்டர் வடிவம் இது. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், சோனிப்பட்டில் 1951-இல் தொடங்கப்பட்ட அட்லஸ், லூதியானாவில் 1956-இல் தொடங்கப்பட்ட ஹீரோ ஆகிய நிறுவனங்கள் இந்த வடிவத்தை ஏறக்குறைய மாற்றாமலேயே பல பத்தாண்டுகள் செய்துவந்தன. அந்த மாறாமையால் இன்று நமக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. நாற்பது ஆண்டுக்கு முந்தைய வண்டிக்கு வேண்டிய கோனும் காட்டர் பின்னும் பிரேக் கட்டையும் சிறு நகரத்துச் சைக்கிள் கடையில் இன்றும் கேட்டவுடன் கிடைக்கின்றன.

முதலில் பிரேமைப் பாருங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன், இந்த வண்டி உழைப்புக்கு ஏற்றதுதானா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம், ஆனால் பிரேம் விரிசல் கண்டிருந்தால் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, குழாய்கள் ஒன்றுசேரும் மூட்டுகள் ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஹேண்டிலுக்குக் கீழே, பார் குழாயும் அதற்குக் கீழுள்ள சாய்வுக் குழாயும் தலைக்குழாயுடன் சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் பெயின்ட் சுருங்கி அலை அலையாக இருந்தால், வண்டி எப்போதோ எதிலோ நேராக மோதியிருக்கிறது என்று பொருள். அப்போது முன் சக்கரத்தைத் தாங்கும் கவையான போர்க்கும் பின்னோக்கி வளைந்திருக்கும். வளைந்த போர்க்கை நிமிர்த்தி ஓட்டுவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அது முறிந்தால் ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார். புதுப் போர்க் போடுவதே முறை.

பிரேம் கோணியிருக்கிறதா என்பதை அறிய ஒரு நூல் போதும். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் பிளவு ஒன்றில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுசென்று தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்கப் பிளவுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். இப்போது சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் இடையே உள்ள தூரத்தை இரு பக்கமும் அளவுகோலால் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு 2 அல்லது 3 மி.மீ.க்குள் இருந்தால் கவலை வேண்டாம். அதற்கு மேல் இருந்தால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு மேலே செல்லுங்கள்.

கழற்றும் வரிசை

கழற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி பிரேக்கின் இணைப்புகளுக்கு இது மிகவும் அவசியம், ஏனெனில் எந்தக் கம்பி எந்தக் கொக்கிக்குப் போகிறது என்பது கழற்றி ஒரு வாரம் ஆனபின் நினைவில் நிற்பதில்லை. துருப்பிடித்த நட்டுகள், சக்கரக் கம்பிகளை ரிம்மில் பூட்டும் நிப்பிள்கள், சீட்டுக் கம்பி நுழையும் வாய் ஆகிய எல்லா இடங்களிலும் துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் மாலையிலேயே விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்தாலும் பலன் உண்டு. ஓர் இரவு ஊறிய நட்டு காலையில் கைக்குப் பணியும். ஊறாத நட்டோ முனை மழுங்கும் அல்லது முறியும்.

சக்கரங்கள், செயின் கார்டு, செயின், பெடல்கள், பெடலைத் தாங்கும் கையான கிராங்க், சீட், ஹேண்டில், போர்க் என்ற வரிசையில் கழற்றுவது எனக்குப் பழக்கம். ஒவ்வொரு பகுதியின் நட்டு, வாஷர்களையும் தனித்தனிக் கிண்ணங்களில் போட்டு வையுங்கள். பெடலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. ஸ்பேனரைப் பெடல் அச்சின் மேல் செங்குத்தாக நிறுத்தி, அதன் தலையைப் பின் சக்கரப் பக்கமாக இழுத்தால் இரு பெடல்களும் கழலும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஹேண்டிலைக் கழற்றும்போது அதன் நடுவில் மேலே தெரியும் நீண்ட போல்ட்டை முழுவதும் எடுத்துவிடக் கூடாது. மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினால், உள்ளே ஆப்பு போல் இறுகியிருக்கும் கூம்பு கீழே விழுந்து ஹேண்டில் விடுபடும்.

காட்டர் பின்

இந்த வேலை முழுவதிலும் அதிகப் பொறுமை கேட்பது இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். கிராங்கை அச்சோடு பிணைத்து வைத்திருக்கும் சுண்டுவிரல் அளவு இரும்பு ஆப்புதான் காட்டர் பின். அதன் ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக இழைக்கப்பட்டிருக்கும், மெல்லிய முனையில் மரையும் நட்டும் இருக்கும். என் முதல் வண்டியில் நட்டை முற்றிலும் கழற்றிவிட்டு, சிறிய சுத்தியலால் பயந்து பயந்து பத்துப் பதினைந்து முறை தட்டினேன். மரை முனை நசுங்கிக் காளான் குடை போல் விரிந்து, பின் அந்தத் துளையை விட்டு வெளியே வரவே முடியாத நிலைக்குப் போயிற்று. கடைசியில் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சரியான முறை இது. நட்டைக் கழற்றிவிடாமல், பின்னின் முனையும் நட்டின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் இருக்கும் அளவுக்குத் தளர்த்துங்கள். கிராங்கின் அடிப்பக்கத்தில், பின் வெளியே வரும் துளைக்கு நேராக ஒரு கனத்த இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுங்கள். குழாயின் உள்விட்டம் பின் இறங்கும் அளவுக்கு அகன்றிருக்க வேண்டும். இந்த முட்டு இல்லாவிட்டால் அடியின் வேகம் முழுவதும் உள்ளே இருக்கும் பால்ரஸ்களின் மேல் விழுந்து, அவை உட்காரும் கிண்ணமான கப்பில் குழி விழச் செய்துவிடும். பிறகு ஒரு கிலோ எடையுள்ள சுத்தியலால் நேராக ஒரே அடி, பலமாக அடியுங்கள். மூன்று அடிக்கும் அசையாவிட்டால் மீண்டும் எண்ணெய் விட்டு மறுநாள் முயலுங்கள். கழன்ற பின் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அதை மீண்டும் பயன்படுத்தாமல் புதியதையே போடுங்கள். கடைக்குப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள், தடிமனில் சிறு வேறுபாடுகள் உண்டு.

பால்ரஸ், கோன், கப்

வண்டி மிதிக்க இலகுவாக இருப்பதும் கனமாக இருப்பதும் இந்தக் குண்டுமணிகளின் கையில்தான் இருக்கிறது. இந்த வகை வண்டிகளில் பொதுவாக முன் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குல பால்ரஸ்கள், பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 வீதம் 1/4 அங்குல பால்ரஸ்கள், கிராங்க் அச்சில் பக்கத்துக்கு 11 வீதம் 1/4 அங்குல பால்ரஸ்கள் இருக்கும். இருப்பினும் திறக்கும்போது உங்கள் வண்டியில் உள்ளதை எண்ணி எழுதி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள், சிதறிய மணி அதில் தங்கும்.

கிராங்க் பெட்டியைத் திறக்கும்போது இடப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்கே வெளியே தெரியும் பூட்டு வளையத்தைத் தளர்த்தினால், அதற்குள் இருக்கும் கப் வழக்கமான திசையிலேயே கழலும். வலப்பக்கக் கப்பின் மரை எதிர்த்திசையானது. இதை அறியாமல் நீண்ட குழாயை ஸ்பேனரில் செருகி முழு பலத்தோடு திருப்பி, மரையையே அழித்துக் கொடுத்த ஒரு கடையின் வேலையை நான் பின்னர் சரிசெய்ய நேர்ந்தது. உண்மையில் வலக் கப்பைக் கழற்றவே தேவையில்லை. அச்சை எடுத்துவிட்டால் உள்ளே துணியை விட்டு அதை அங்கேயே துடைத்துவிடலாம்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். அது கிடைக்காத இடத்தில் டீசல் போதும். காய்ந்து மெழுகாகிப்போன பழைய கிரீஸ் பல் துலக்கும் பிரஷ்ஷால்தான் போகும். பிறகு கோனை வெயிலில் பிடித்து, பால்ரஸ் ஓடிய தடத்தைப் பாருங்கள். மங்கிய, ஆனால் சீரான ஒரு கோடு தெரிந்தால் அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அந்தக் கோட்டில் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் தெரிந்தாலோ, நகத்தை ஓட்டும்போது தடுக்கினாலோ அந்தக் கோனை மாற்றிவிடுங்கள். பால்ரஸ்களை மட்டும் ஆராயாமல் முழுத் தொகுதியாக மாற்றிவிடலாம், அவற்றின் விலை மிகக் குறைவு.

கப்பில் கிரீசைத் தாராளமாகப் பூசி, அதன் மேல் மணிகளை ஒவ்வொன்றாக ஒட்டவையுங்கள். வட்டம் நிறைந்தபின் கிட்டத்தட்ட ஒரு மணிக்கான இடைவெளி மீதம் இருக்க வேண்டும். முழுக்க அடைத்துவிட்டால் அவை ஒன்றோடொன்று உரசித் தேயும். கோனைக் கையால் இறுக்கி, பின் சிறிதளவு தளர்த்தி, லாக் நட்டைப் பூட்டுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது கோனும் சற்று உள்ளே நகரும் என்பதால், முதல் தடவையில் சரியான இறுக்கம் அமைவது அரிது. மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பச் செய்யத்தான் வேண்டும். சரியாக அமைந்ததா என்பதற்குப் பழைய மெக்கானிக்குகள் செய்யும் ஒரு சோதனை உண்டு: டயர், டியூப் எல்லாம் போட்ட பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, வால்வு பக்கவாட்டில் இருக்கும்படி வைத்து விட்டுவிடுங்கள். வால்வின் எடையாலேயே சக்கரம் மெல்லத் திரும்பி, வால்வு கீழே வந்து, முன்னும் பின்னும் ஊசலாடி நிற்க வேண்டும். அதே நேரத்தில் ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. என் அப்பா வண்டியின் முன் சக்கரம் முதன்முதலாக அப்படி ஊசலாடி நின்றதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைக்குழாயிலும் பெடலிலும் இதே முறைதான். ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் மட்டும் ஓரிடத்தில் பிடித்து நிற்பது போல் இருந்தால் அங்கே கப்பில் பள்ளம் விழுந்திருக்கிறது, மாற்றியாக வேண்டும்.

சக்கரமும் ரிம்மும்

இரும்பு ரிம்மின் குரோம் பூச்சில் படிந்த மேல்துருவை, வீட்டில் உணவு சுற்றும் அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே எடுத்துவிடலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் துருவோடு குரோமும் போய்விடும். ஆனால் ரிம்மின் உட்புறம்தான் முக்கியம். ரிம் டேப்பை உரித்துவிட்டுப் பாருங்கள். நிப்பிள் துளைகளைச் சுற்றி இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தால் அந்த ரிம்மை வைத்துக்கொள்ளாதீர்கள். புதியது வாங்கும்போது முன் சக்கரத்துக்கு 32 துளை, பின் சக்கரத்துக்கு 40 துளை என்பதைச் சொல்லி வாங்க வேண்டும்.

கோட்டம் எடுப்பது கற்றுக்கொள்ளக் கூடிய வேலைதான். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, போர்க்கில் ஒரு சுண்ணக்கட்டியைக் கட்டி, சக்கரத்தைச் சுற்றினால் ரிம் விலகும் இடத்தில் கோடு விழும். ரிம் வலப்பக்கம் விலகியிருந்தால், அந்த இடத்தில் இடப்பக்க ஹப்பிலிருந்து வரும் போக்ஸ் கம்பிகளை இறுக்கி, வலப்பக்கத்தவற்றைத் தளர்த்த வேண்டும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். டயர் இருக்கும் பக்கத்திலிருந்து பார்க்கையில் வலம்சுழியாகத் திருப்பினால் நிப்பிள் இறுகும். வேலை முடிந்தபின் ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி.

டயரின் பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் இருந்தால், மேல் கொண்டை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அதை நம்பக் கூடாது. பழைய வால்வுகளில் உள்ளே ஒரு மெல்லிய ரப்பர்க் குழல் இருக்கும், கடைகளில் வால்டியூப் என்பார்கள். பஞ்சரே இல்லாமல் இரவோடு இரவாகக் காற்று இறங்குவதற்குப் பெரும்பாலும் இது மக்கிப்போனதே காரணம்.

செயினும் பிரீவீலும்

செயின் தேய்ந்துவிட்டதா என்பதை அளவுகோல் சொல்லிவிடும். புதிய செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை சரியாக அரை அங்குலம், ஆகவே 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். அது 12 1/8 அங்குலத்தைத் தொட்டுவிட்டால் மாற்றுங்கள், கூடவே பிரீவீலையும் மாற்றுங்கள். பழைய பிரீவீலின் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போல் ஆகியிருந்தால், புதிய செயின் அதில் உட்காராமல் வழுக்கி, அழுத்தி மிதிக்கும்போது கால் திடீரென்று இறங்கும். பற்கள் நன்றாக இருந்து, சுழற்சி மட்டும் இறுக்கமாக இருந்தால், பிரீவீலைப் பிரிக்காமல் மண்ணெண்ணெயில் முக்கிச் சுழற்றி அழுக்கை வெளியேற்றி, மெல்லிய எண்ணெய் சில துளிகள் விட்டால் போதும்.

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கைப் போடும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் செயின் கார்டில் உரசிக் கழன்றுவிடும். பின் அச்சை இழுத்து நிறுத்தும்போது, கீழ்ப்பக்கச் செயின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசையும்படி விடுங்கள். கிராங்கை ஒரு முழுச்சுற்று சுற்றி, எந்த இடத்தில் செயின் அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் இந்த அளவைப் பாருங்கள்.

கம்பி பிரேக்

இதில் எந்தச் சமரசமும் கூடாது. இந்தப் பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் பக்கத்தைக் கவ்வாமல், உட்புற விளிம்பை மேல்நோக்கி இழுத்து அழுத்துகின்றன. எனவே ரிம் வட்டமாக இல்லாமல் ஓரிடத்தில் எழும்பியிருந்தால் பிரேக் அங்கு மட்டும் பிடித்து விடும். கோட்டம் எடுக்காமல் பிரேக்கைச் சரிசெய்ய முடியாது என்பது இதனால்தான். கட்டைகளை ரிம்மிலிருந்து 3 மி.மீ. தூரத்தில் நிறுத்தி, இரண்டும் ஒரே நேரத்தில் தொடுமாறு வழிகாட்டிக் கொக்கிகளைச் சரிசெய்யுங்கள். ரப்பரைப் பிடிக்கும் தகட்டு உறையின் ஒரு முனை திறந்தும் ஒரு முனை மூடியும் இருக்கும். ரிம் எந்தத் திசையில் சுழன்று போகிறதோ அந்தத் திசையில் மூடிய முனை இருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் பலமான பிரேக்கிலேயே ரப்பர் உருவிக்கொண்டு போய்விடும். கம்பிகளின் எல்லா மூட்டுகளிலும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். ரிம்மில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் சோப்பு நீரால் கழுவுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும், நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் மிகவும் பலவீனமாகிவிடும். மழையில் வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே பிரேக்கைத் தொட்டு, ரிம்மின் ஈரத்தை வழித்தெடுத்துக்கொண்டே ஓட்டிப் பழகுங்கள்.

பெயின்ட்

பெரும்பாலோர் முதலில் செய்வதை நான் கடைசியில் வைத்திருக்கிறேன். துருப்பிடித்த இடங்களை மட்டும் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சின் மேல் அந்த நிறத்தைத் தொட்டுவைத்தால் போதும். மீதியைச் சோப்பு நீரில் கழுவி மெழுகு போடுங்கள். குழாய்களில் கையால் இழுத்த பொன்னிறக் கோடுகளும் நிறுவன முத்திரையும் மிச்சம் இருந்தால், மொத்தமாகப் புதுப் பெயின்ட் அடிப்பது அந்த வண்டியின் முகத்தையே அழிப்பதாகும். தலைக்குழாயில் உள்ள முத்திரைத் தகட்டைக் கழற்றாமலேயே துடைத்துவிடுங்கள். மட்கார்டு, கேரியர், செயின் கார்டு ஆகியவற்றின் போல்ட்டுகளுக்கு ஸ்பிரிங் வாஷர் போட்டால் சலசலப்பு நிற்கும்.

இரவில் ஓட்டுவதாக இருந்தால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் கட்டாயம். அப்பாவின் டைனமோவை நான் அழகுக்காக விட்டுவைத்திருக்கிறேன், வெளிச்சத்துக்கு பேட்டரி விளக்கு மாட்டியிருக்கிறேன். டைனமோ, வண்டி நின்றவுடன் விளக்கையும் அணைத்துவிடும், நாற்சந்தியில் அது ஆபத்து.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் ஆளற்ற தெருவில் நடை வேகத்தில் ஓட்டி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகச் சோதியுங்கள். பிறகு 2 கி.மீ. ஓட்டிவிட்டு இறங்கி எல்லா நட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். புதிய காட்டர் பின் 20, 30 கி.மீ. ஓட்டத்தில் தன் இடத்தில் இன்னும் சற்று இறங்கி உட்காரும், அப்போது அதன் நட்டைக் கட்டாயம் மீண்டும் இறுக்க வேண்டும். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டக்' என்று காலில் தட்டினால் அது தளர்ந்த காட்டர் பின்தான். அப்படியே ஓட்டினால் கிராங்கின் துளை நீள்வட்டமாகிவிடும். 100 கி.மீ. ஆனபின் போக்ஸ் கம்பிகளை மறுபடியும் சுண்டிப் பாருங்கள்.

பழைய ஹப்புகளின் நடுவில் ஒரு மெல்லிய தகட்டு வளையம் சுற்றியிருக்கும். அதை விரலால் நகர்த்தினால் அடியில் ஒரு சிறு துளை தெரியும், எண்ணெய் விடுவதற்காகவே அமைத்த துளை அது. பலர் அது இருப்பதையே கவனிப்பதில்லை. வாரம் ஒருமுறை அதில் மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, வளையத்தைத் திரும்ப மூடிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அந்த வளையத்தைக் கட்டைவிரலால் நகர்த்துவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இப்போது அதே வளையத்தை நான் நகர்த்துகிறேன்.